எல்லாம் நின்றுபோன பிறகும் ஓடும் வண்டி: புதிதாகத் தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூக ஒழுங்கு குலைந்துபோனால் எந்த வண்டி கைகொடுக்கும் என்று தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ஒரே மாதிரி வண்டிக்கு முன்னால்தான். பெரிய சக்கரம், முன்னால் இரும்புத் தடுப்பு, மேலே நாலைந்து விளக்கு, ராணுவப் பச்சைப் பெயின்ட். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அது லிட்டருக்கு 7, 8 கிலோமீட்டர்தான் ஓடும். பெட்ரோல் பங்க் மூடிய இரண்டாவது வாரம் அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்.

எந்த வண்டியும் ஒரு நாள் நிற்கத்தான் போகிறது. எரிபொருள் தீர்ந்து நிற்கலாம், டயர் கிழிந்து நிற்கலாம், விரல்நுனி அளவுள்ள ஒரு சென்சார் போய் நிற்கலாம். கடையும் மெக்கானிக்கும் இல்லாத நிலையில், நின்ற வண்டியை உங்கள் கையாலேயே மறுபடி ஓட்ட முடியுமா? வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். குதிரைத்திறனும் தோற்றமும் இதற்குப் பிறகு வரட்டும்.

படி 1: எங்கே, எத்தனை பேர், எவ்வளவு சுமை

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போக வேண்டியிருக்கும் இடம் எவ்வளவு தூரம், வழியில் ஆறு, பாலம், மலைப்பாதை உண்டா, கூட வருபவர்களில் நடக்க முடியாதவர் யாராவது உண்டா, தண்ணீரோடு சேர்த்துச் சுமை எத்தனை கிலோ என்று எழுதுங்கள். தண்ணீரை மறந்துவிடாதீர்கள். நான்கு பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம், மூன்று நாளுக்கே 48 கிலோ ஆகிவிடும்.

அப்புறம் காலத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் சில நாட்கள்: எல்லோரிடமும் எரிபொருள் இருக்கும், எல்லோரும் ஒரே சாலையில் இருப்பார்கள். அடுத்த சில மாதங்கள்: சேமித்து வைத்தவரிடம் மட்டும் எரிபொருள் இருக்கும். அதற்குப் பிறகு: யாரிடமும் இருக்காது. மூன்றுக்கும் ஒரே வண்டி பொருந்துவது அபூர்வம்.

முதல் கட்டம் எப்படி இருக்கும் என்பதை 2005இல் ரீட்டா புயலுக்கு முன் அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியை விட்டுக் கிளம்பியவர்கள் பார்த்தார்கள். 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் நெடுஞ்சாலையில் இறங்கினார்கள். நெரிசல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. நகராமல் நின்றபடியே எரிபொருள் தீர்ந்துபோன கார்கள் சாலையை இன்னும் அடைத்தன. அங்கே ஃபோர் வீல் டிரைவ் இருந்தவருக்கும் சின்னக் கார் வைத்திருந்தவருக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் இரண்டு கார்களுக்கு நடுவே நுழையும் அகலமுள்ள வண்டிக்குத்தான் மதிப்பு.

மூன்றாம் கட்டத்துக்கு உதாரணம் வேண்டுமானால் 1992 முதல் 1996 வரை போர் முற்றுகையில் இருந்த, போஸ்னியாவின் சரயேவோ நகரம். அங்கே மக்கள் தண்ணீர்க் கேன்களைக் குழந்தை வண்டியிலும், சைக்கிளிலும், பனிக்காலத்தில் சறுக்குப் பலகையிலும் கட்டி இழுத்தார்கள். கார் இல்லாமலா போயிற்று? கார் இருந்தது, ஊற்றத்தான் ஒன்றும் இல்லை.

படி 2: எரிபொருளிலிருந்து தொடங்குங்கள்

எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தப் படிதான் என்பதால் இங்கே நிதானமாகப் போவோம்.

பெட்ரோல் பங்க்கின் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது. அதிலிருந்து மேலே இழுப்பது மின்சார மோட்டார். மின்சாரம் போனால், கீழே ஆயிரக்கணக்கான லிட்டர் இருந்தாலும், ஜெனரேட்டர் வைத்திராத பங்க்கில் ஒரு சொட்டுக்கூட வராது. ஆகவே தட்டுப்பாடு வந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பும் பழக்கம் செலவே இல்லாத முதல் தயாரிப்பு.

சேமித்து வைத்தாலும் எரிபொருள் கெடும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும் என்பதை நினைவில் வையுங்கள். வண்டி டேங்கில் கிடக்கும் எத்தனால் பெட்ரோலைச் சில மாதங்களுக்கு மேல் நம்ப வேண்டாம். இறுக மூடிய கேனில், நிழலில், எத்தனால் கலக்காத பெட்ரோல் என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிக்கும். பெட்ரோல் கெடுவதைத் தாமதப்படுத்தும் ஸ்டெபிலைசர் திரவம் கலந்தால் இன்னும் கொஞ்சம் நீளும்.

டீசல் இதைவிடப் பொறுமைசாலி. உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும். அதன் எதிரி தண்ணீர். தொட்டியின் அடியில் தேங்கும் நீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர்கள் வளர்ந்து கருத்த வழுவழுப்பான படலமாகி ஃபில்டரை அடைக்கும். தொட்டியை நிரம்பியபடி வைத்தால் உள்ளே காற்று குறைவு, வியர்க்கும் நீரும் குறைவு.

சேமிக்கும் முறை எளிது. எரிபொருளுக்கென்றே செய்த கேன், மேலே கொஞ்சம் வெற்றிடம், கேன் மீது நிரப்பிய தேதி. சில மாதத்துக்கு ஒருமுறை பழைய கேனை வண்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு உங்கள் பகுதியில் சட்ட வரம்பு இருக்கும், அதை மீறாதீர்கள். ஆட்கள் தூங்கும் கூரைக்குக் கீழே ஒரு லிட்டர்கூட வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் எங்கோ எரியும் அடுப்பைத் தொட்டுவிடும். வாயால் உறிஞ்சிக் குழாயில் இறக்கும் பழக்கமும் வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கையால் அழுத்தும் சின்ன பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. உங்களிடம் 100 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் ஜீப் வகை வண்டி அதில் 800 கிலோமீட்டர் போகும். 15 ஓடும் சின்னக் கார் 1,500 போகும். 55 ஓடும் 100 சிசி பைக் 5,500 போகும். எரிபொருளோ சில மாதத்தில் கெடும் பொருள். அதிகம் சேமிப்பதைவிடக் குறைவாகக் குடிக்கும் வண்டியை வாங்குவது எளிய வழி.

மாற்று எரிபொருள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கற்பனை அதிகம். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். உண்மைதான். பழைய வகை டீசல் எஞ்சின்கள் இன்றும் தாவர எண்ணெயில் ஓடும். ஆனால் எண்ணெய் கெட்டியானது. சூடாக்கி இளக்காமல் ஊற்றினால், எரிபொருளை எஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரில் கரி படியும். அது கிடக்கட்டும், பஞ்சகாலத்தில் ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் கையில் இருந்தால் அதை எஞ்சினில் ஊற்றவா மனம் வரும்?

விறகு வாயு வேறு கதை. இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருள் கிடைக்காத ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான வண்டிகள் விறகில் ஓடின. பொறியாளர் ஜார்ஜ் இம்பெர்ட் உருவாக்கிய உலையைப் பின்பற்றியவையே அவற்றில் பெரும்பான்மை. காற்றைக் குறைத்து விறகை எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதைக் குளிர்வித்து, வடிகட்டிப் பெட்ரோல் எஞ்சினுக்குள் விடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக ஏறத்தாழ 3 கிலோ உலர்ந்த விறகு தேவைப்படும். எஞ்சினின் சக்தி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறையும். உலை தயாராகக் காத்திருக்க வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், ஃபில்டரைத் துடைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது என்பதால் மூடிய ஷெட்டில் பற்றவைத்தால் ஆளையே கொன்றுவிடும். வெல்டிங் தெரிந்தவருக்கு நல்ல வழி. மற்றவர்கள் இதை நம்பி வண்டி வாங்க வேண்டாம்.

படி 3: உள்ளே எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று பாருங்கள்

எளிய எஞ்சின் என்றால் பழைய எஞ்சின் என்று மட்டும் அர்த்தமில்லை. அது ஓட என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கார்புரேட்டர் வைத்த கிக்கர் பைக்குக்குப் பெட்ரோல், காற்று, தீப்பொறி போதும். இவற்றில் பல மாடல்களில் தீப்பொறிக்கான மின்சாரத்தை எஞ்சினே சுழன்று தயாரித்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் தள்ளினாலும் பலன் இல்லாமல் போகலாம்.

டீசலில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அனுப்பும் இன்றைய ‘காமன் ரயில்’ எஞ்சின்கள் அதைச் சுமார் 2,000 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கில், தெளிக்கின்றன. இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான். கொஞ்சம் தண்ணீரோ தூசியோ போனால் அங்கேயே கதை முடிந்தது. அதோடு புகையைச் சுத்தப்படுத்தும் ஃபில்டரும், சில வண்டிகளில் தனியாக ஊற்ற வேண்டிய யூரியா திரவமும் உண்டு. அந்தத் திரவம் தீர்ந்தால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் ஆக விடாத மாடல்கள் இருக்கின்றன. வண்டியில் கோளாறே இல்லாமல் மென்பொருள் அதை நிறுத்தி வைக்கும். இப்படி ஒரு வண்டியை நம்பிக் காட்டுப் பாதையில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

பம்ப்பும் இன்ஜெக்டரும் முழுக்க இயந்திர முறையில் வேலை செய்யும் பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் மின்சாரமே கேட்காது. இவற்றில் பலவற்றில் டீசலை அடைக்க ஒரு மின்சார வால்வு இருக்கும், அதை மட்டும் கவனியுங்கள். மெர்சிடிஸின் ஓஎம் 617 என்ற 5 சிலிண்டர் எஞ்சினில் அதுகூட வெற்றிட அழுத்தத்தில்தான் இயங்கும். அந்த எஞ்சினை இன்னும் தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

கியர்பாக்ஸ் கையால் போடுவதாக இருக்கட்டும். பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டு உயிர்ப்பிக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் இது நடக்காது. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்க டைமிங் பெல்ட்டைவிட டைமிங் செயின் மேல். பல எஞ்சின்களில் ரப்பர் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதி எஞ்சினே போய்விடும். பெல்ட் வண்டிதான் கையில் இருக்கிறதென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிட்டு, இன்னொன்றை எடுத்து வையுங்கள்.

அணுகுண்டின் மின்காந்த அலையில் எல்லாக் கார்களும் ஒரே நொடியில் செத்துவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. இதற்கென அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 37 கார்களைச் சோதித்தது. ஓடிக்கொண்டிருந்தபோது நின்றவை சிலவே. பெரும்பாலானவை பாதிப்பே இல்லாமலோ சின்னத் தொந்தரவோடோ தப்பின. இதற்காக மட்டும் ஐம்பது வருடப் பழைய வண்டி தேடி அலைய வேண்டாம். எளிய வண்டியைத் தேடுவதற்கான காரணம் ரிப்பேர்.

படி 4: சுற்றிலும் அதிகம் ஓடுவதையே வாங்குங்கள்

அபூர்வமான நல்ல வண்டியைவிட, தெருவுக்கு நாலு நிற்கும் சுமாரான வண்டி மேல். கடை மூடிய பிறகு உதிரி பாகம் கிடைக்கப்போவது இன்னொரு செத்த வண்டியிலிருந்துதான். அதே மாடல் பக்கத்தில் எத்தனை நிற்கின்றன என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்.

1968இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும், 1984 முதல் அடிப்படை வடிவம் பெரிதும் மாறாமல் வரும் லேண்ட் குரூஸர் 70 வரிசையும் பெயர் பெற்றதற்கு உறுதி ஒரு காரணம் என்றால், பாகம் எங்கும் கிடைப்பது இன்னொரு காரணம். இரண்டு சக்கரத்தில் ஹோண்டா சூப்பர் கப். 1958இல் தொடங்கி 2017க்குள் 10 கோடிக்கு மேல் தயாரான வண்டி. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசியுங்கள்.

கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் இன்றும் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கார்கள் அப்படியொன்றும் அழியாதவை அல்ல. உள்ளே எளிமையாக இருந்ததால் வேறு நாட்டு டீசல் எஞ்சினைக்கூடப் பொருத்த முடிந்தது, கிடைக்காத பாகத்தைப் பட்டறையில் கடைந்து எடுக்க முடிந்தது. அதே கியூபாவில், 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்து எண்ணெய் வரத்து சரிந்தபோது, அரசு சீனாவிலிருந்து 10 இலட்சம் அளவில் சைக்கிள்களை இறக்குமதி செய்தது.

படி 5: வகையை முடிவு செய்யுங்கள்

*சைக்கிள்.* என்னைக் கேட்டால், முதல் வண்டி இதுவாகத்தான் இருக்க வேண்டும், வேறு எதை வாங்கினாலும் சரி. எரிபொருள் வேண்டாம், சத்தம் இல்லை, உடைந்த பாலத்தில் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். 1954இல் பிரெஞ்சுப் படைக்கு எதிரான தியன் பியன் பூ போருக்கு வியட்நாமியர்கள் சைக்கிளின் ஹேண்டில்பாரில் மூங்கில் கட்டி, ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே, ஒரு சைக்கிளுக்கு 200 கிலோ வரைகூடச் சுமை கொண்டுபோனார்கள். 1941, 42இல் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் டயர் கிழிந்த பிறகும் வெறும் ரிம்மில் ஓட்டிக்கொண்டே முன்னேறினார்கள்.

ஆனால் கடையில் பளபளக்கும் சைக்கிள் எல்லாம் இதற்கு ஆகாது. இரும்பு ஃபிரேம் வாங்குங்கள். வளைந்தால் நிமிர்த்தலாம், உடைந்தால் வெல்டிங் வைக்கலாம். கார்பன் ஃபிரேமில் விரிசல் விட்டால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. சஸ்பென்ஷன் ஃபோர்க் வேண்டாம், ஆயில் பிரேக் வேண்டாம், கம்பியில் இழுக்கும் சாதாரண பிரேக் போதும். கியர் குறைவாக இருக்கட்டும். சக்கர அளவு உங்கள் சுற்றுவட்டாரத்தில் அதிகம் புழங்குவதாகவும், பின் சக்கரத்தில் 36 கம்பி இருப்பதாகவும் பாருங்கள், சுமை தாங்கும். பின்னால் உறுதியான கேரியர், முடிந்தால் இழுவை வண்டி. கூடவே பஞ்சர் ஒட்டும் பசை, பட்டை, நான்கு டியூப், இரண்டு டயர், செயின் ஒன்று, பிரேக் கட்டை, பால்ரஸ், கிரீஸ், காற்றடிக்கும் பம்ப். இவை அனைத்தும் ஒரு பையில் அடங்கும், பல வருடம் வரும். பஞ்சர் பசை மட்டும் திறந்த டியூபில் காய்ந்துவிடும். சின்னச் சின்ன டியூபாக வாங்குங்கள்.

*மின்சார சைக்கிள்.* குறைத்து மதிப்பிடப்படுவது இது. மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட் மணி போதும். 500 வாட் மணி பேட்டரியில் 35, 40 கிலோமீட்டர் வரும். நல்ல வெயிலில் 200 வாட் சோலார் பலகை ஒரே நாளில் அதை நிரப்பிவிடும். மோட்டார் செத்தாலும் அது சைக்கிள்தான்.

*மின்சாரக் கார்.* ஒரு கிலோவாட் மணிக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால், 1 கிலோவாட் சோலார் பலகையில் நாளுக்கு 4 யூனிட் (கிலோவாட் மணி), அதாவது 24 கிலோமீட்டர். காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் கார் சார்ஜருக்கு நிலையான ஏசி மின்சாரம் குறைந்தது 6 ஆம்பியராவது வேண்டும், 230 வோல்ட்டில் அது சுமார் 1.4 கிலோவாட். மேகம் மறைத்து உற்பத்தி அதற்குக் கீழே இறங்கினால் சார்ஜ் நின்றுவிடும். ஆகவே நடுவில் தனி பேட்டரியும் இன்வெர்ட்டரும் தேவை. வீட்டில் அந்த ஏற்பாடு ஏற்கெனவே இருப்பவருக்கு, ஓரிடத்திலேயே தங்கப்போகிறவருக்கு, இது நல்ல வண்டி. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் கார் கண் திறக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

*சின்ன பைக்.* 100, 125 சிசி, கார்புரேட்டர், கிக்கர், டியூப் டயர் அல்லது டியூப் போட முடிகிற ரிம். தனி ஆளுக்கும் இருவருக்கும் இதைவிடச் சிக்கனமான எஞ்சின் வண்டி இல்லை. குறை என்னவென்றால் மழை, குளிர், பாதுகாப்பு எதுவும் தராது, குழந்தைகளோடும் வயதானவரோடும் போக முடியாது.

*நான்கு சக்கரம்.* குடும்பம் பெரிதென்றால் வேறு வழியில்லை. பின்பக்கம் திறந்த பிக்கப் அல்லது உயரமான சாதாரணக் கார். ஃபோர் வீல் டிரைவ் நல்லதுதான். ஆனால் கூடுதல் எடை, கூடுதல் பாகம், கூடுதல் எரிபொருள். சேறும் மணலும் நிச்சயம் என்றால் மட்டும் வாங்குங்கள். மற்றவர்களுக்குத் தரையிலிருந்து உயரமும் நல்ல டயரும் போதும். தோற்றம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. போர் வண்டி மாதிரி அலங்கரித்தால், உள்ளே பறிக்கத் தகுந்த பொருள் இருக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பதாகும்.

*மாடு, குதிரை, கழுதை.* ஏற்கெனவே வளர்ப்பவர் என்றால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. வளர்க்காதவர் என்றால் இனித் தொடங்குவது கடினம். ஓடாத நாளிலும் அதற்குத் தீனி வைக்க வேண்டும்.

படி 6: பழைய வண்டியைச் சோதிப்பது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நில்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் கலந்த மாதிரி இருக்கிறதா? அப்படியென்றால் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது அந்தத் துளையிலிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

அப்புறம் கீழே படுத்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைப் பாருங்கள். பெயின்டுக்கு மயங்காதீர்கள், ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம். எஞ்சினை மாற்றலாம், துருவில் அரித்த சேசிஸை மாற்றுவது பெரும்பாடு.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் கெட்டியாகி வெடிக்கும். 6 வருடத்துக்கு மேல் போனால் கவனம் வேண்டும். 10 வருடம் தாண்டியது, பட்டன் (டயரின் மேல் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வேண்டாம்.

படி 7: வண்டியோடு சேர்த்து வாங்க வேண்டியவை

வண்டிக்கு வைத்திருக்கும் தொகையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்காமல் வாங்காதீர்கள். இரண்டு முறை மாற்றும் அளவு எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், கிளட்ச் மற்றும் ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், பிரேக் ஷூ, ஃபியூஸ், பல்பு, கூலன்ட். டீசல் என்றால் எரிபொருள் ஃபில்டர் இரட்டிப்பாக, ஏனென்றால் கெட்ட டீசல் முதலில் அங்கேதான் அடைக்கும். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் செட், டியூப்லெஸ் என்றால் பஞ்சர் குச்சிகள், காலால் மிதிக்கும் காற்று பம்ப். இரும்புக் கம்பி, எபாக்சி பசை, இன்சுலேஷன் டேப்.

நிற்கும் வண்டியின் பேட்டரி தானாக இறங்கும். 10, 20 வாட் சின்ன சோலார் பலகையை ஒரு கண்ட்ரோலர் வழியாக இணைத்துவைத்தால் இறங்காது. ஆனாலும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் மூன்று முதல் ஐந்து வருடம்தான், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அந்த மாடலின் பட்டறைக் கையேட்டை அச்சிட்ட தாளாக வாங்கி வண்டிக்குள் வையுங்கள். தொலைபேசியில் இருந்தால் போதாதா என்று கேட்காதீர்கள்.

படி 8: கையைக் கறுப்பாக்குங்கள்

வாங்கி மூடி வைத்த வண்டி உதவாது. தினசரி வேலைக்கு ஓட்டுங்கள், அப்போதுதான் அதன் சத்தம் மாறுவது காதுக்குத் தெரியும். முதல் மாதத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே மாற்றுங்கள். இரவில், டார்ச் வெளிச்சத்தில், ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டு உங்கள் ஸ்பேனருக்கு அசையாமல் போகலாம், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நீளமான இரும்புக் குழாயை ஸ்பேனர் பிடியில் செருகினால் அசையும். தள்ளி ஸ்டார்ட் செய்து பழகுங்கள். டீசல் வண்டியில் எரிபொருளை முழுக்கத் தீரவிட்டால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும், ஹேண்ட் பம்ப்பால் அந்தக் காற்றை எடுப்பது எப்படி என்று ஒரு மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

முழுச் சுமையையும் எல்லா ஆட்களையும் ஏற்றி, நெடுஞ்சாலையைத் தவிர்த்து, முதல் படியில் எழுதிய இடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். எவ்வளவு எரிபொருள் ஆனது, எங்கே வழி குறுகியது, எந்தப் பாலத்துக்கு மாற்றுப் பாதை இல்லை என்று காகித வரைபடத்தில் குறியுங்கள். சுமையோடு வரும் மைலேஜ் விளம்பரத்தில் சொன்னதைவிட நிச்சயம் குறைவாக இருக்கும். கேன்களின் எண்ணிக்கையை அந்த அளவை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் இன்னொருவருக்காவது ஓட்டவும், டயர் மாற்றவும், கேனிலிருந்து எரிபொருள் ஊற்றவும் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.